இருபத்து நான்கு ஆண்டுகள் தூங்கிய வரி

வாசகர் கேள்வி – பதில்

மாநகராட்சிகளின் நிதிநிலை குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சொத்து வரியைப் பற்றியே பேசின. கோபத்தோடு எழுதியவர்கள் உண்டு. கணக்குக் கேட்டவர்கள் உண்டு. கையில் காகிதத்தோடு உட்கார்ந்து வட்டி முதற்கொண்டு கணக்குப் போட்டு அனுப்பியவர்களும் உண்டு. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்து, ஊரின் பெயரை மட்டும் குறித்து, இங்கே பதில் தருகிறேன்.

மேற்கு மாம்பலம் வாசகர்: எங்கள் வீடு 1,150 சதுர அடி. 2022 மார்ச் வரை அரையாண்டுக்கு 2,000 ரூபாய் கட்டிவந்தோம். அதன் பிறகு 3,500 ரூபாய் கட்டச் சொன்னார்கள். வீடும் மாறவில்லை, தெருவும் மாறவில்லை. ஒரே உத்தரவில் முக்கால் பங்கு ஏற்றுவது எந்த ஊர் நியாயம் ஐயா?

தங்கள் வீடு சென்னையின் பழைய எல்லைக்குள், 601 முதல் 1,200 சதுர அடி வரையிலான பிரிவில் வருகிறது. அதனால்தான் 75 சதவீதம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அரசாணை, பழைய சென்னையில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 சதவீதமும், 1,201 முதல் 1,800 சதுர அடி வரை 100 சதவீதமும், அதற்கு மேற்பட்ட வீடுகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் 150 சதவீதமும் ஏற்றியது. 2011இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட புறநகர்ப் பகுதிகளிலும் தமிழகத்தின் பிற ஊர்களிலும் வீடுகளுக்கான உயர்வு முறையே 25, 50, 75, 100 சதவீதம் என்று சற்றுக் குறைவாக வைக்கப்பட்டது.

இந்த உயர்வு எதன் மீது ஏற்றப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். சென்னையில் அதற்கு முன் சொத்து வரிப் பொதுச் சீராய்வு கடைசியாக நடைமுறையில் நின்றது 1998இல்; பிற ஊர்களில் 2008இல். ஆக, தாங்கள் 2022 மார்ச்சில் கட்டிய 2,000 ரூபாய் உண்மையில் 1998ஆம் ஆண்டின் வரி. அதே 75 சதவீதத்தை இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிரித்துக் கூட்டு வட்டிக் கணக்காகப் பார்த்தால் ஆண்டுக்கு 2.4 சதவீதம்கூட ஆகாது. 150 சதவீத உயர்வைச் சந்தித்த பெரிய வீட்டுக்காரருக்கும் கணக்கு ஆண்டுக்கு 4 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் துப்புரவுப் பணியாளரின் சம்பளமும், குப்பை லாரியின் டீசலும், தெருவிளக்கின் மின்கட்டணமும் 1998ஆம் ஆண்டிலேயே நின்றுவிடவில்லை.

இடையில் ஒரு முயற்சி நடந்தது. 2018இல் குடியிருப்புகளுக்கு 50 சதவீதத்துக்கு மிகாமலும் மற்றவற்றுக்கு 100 சதவீதத்துக்கு மிகாமலும் வரியை உயர்த்த ஆணை வந்தது. பலர் கட்டவும் செய்தார்கள். ஆனால் 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு சூடுபிடித்த வேளையில், அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டு, கூடுதலாகக் கட்டிய தொகை வருகிற அரையாண்டுகளில் ஈடுகட்டப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் முடிந்தது. புதிய உயர்வு ஆணை அடுத்த மாத இறுதியில் வெளியானது. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் நிதித் தேவை காரணமாகச் சொல்லப்பட்டாலும், நாளைக் குறித்துக் கொடுத்தது தேர்தல் நாட்காட்டிதான் என்று கருதுகிறேன். இதில் எந்தக் கட்சிக்கும் விலக்குத் தர என்னால் முடியாது.

வரி தூங்கிய காலத்தில் உண்மையான ஆதாயம் யாருக்குப் போயிற்று என்பதும் யோசிக்கத் தக்கது. தங்களைப் போன்றவருக்கு ஆண்டுக்குச் சில ஆயிரங்கள் மிச்சமாகியிருக்கும். ரங்கநாதன் தெருவில் கடை வாடகை 1998க்குப் பிறகு எத்தனை மடங்கு ஏறியது என்பதை மாம்பலத்தில் குடியிருக்கும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாடகை புதிய கணக்கில் வாங்கப்பட, வரி பழைய கணக்கில் கட்டப்பட்டது. வரியை ஏற்றாமல் வைத்திருப்பது ஏழைக்குச் செய்யும் சலுகை என்று மேடையில் பேசப்பட்டாலும், அந்தச் சலுகையின் பெரும்பகுதி பெரிய கட்டடங்களின் உரிமையாளர்களிடமே சென்று சேர்ந்தது.

சோழிங்கநல்லூர் வாசகர்: வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று அலுவலகத்தில் கேட்டால் "கம்ப்யூட்டரில் வருகிறது" என்கிறார்கள். சாதாரண மனிதனுக்குப் புரியும்படி விளக்க முடியுமா?

முடியும். சென்னையில் சொத்து வரிக்கு அடிப்படை, கட்டடத்தின் ஆண்டு மதிப்பு. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு அது. ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை வீதம் உண்டு. கட்டடப் பரப்பை அதனால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு கிடைக்கும்; அதை 12க்குப் பதிலாக 10.92ஆல் பெருக்குவார்கள். இந்த விசித்திரமான எண் வானத்திலிருந்து விழவில்லை. வாடகையில் பத்தில் ஒரு பங்கை நிலத்துக்கென்று ஒதுக்கி, மீதியுள்ள கட்டடப் பங்கில் பத்து சதவீதத்தைப் பழுதுபார்ப்புக்காகக் கழித்தால், நூறில் தொண்ணூற்றொன்று நிற்கும்; அதைப் பன்னிரண்டு மாதங்களுக்குக் கணக்கிட்டால் 10.92. உரிமையாளரே குடியிருந்தால் ஒரு கழிவு, கட்டடம் பழையதானால் தேய்மானத்துக்கு ஒரு கழிவு. இவற்றுக்குப் பின் நிற்கும் ஆண்டு மதிப்பின் மீதுதான் வரிச் சதவீதம் விழுகிறது. அதோடு நூலக வரி என்று பத்தில் ஒரு பங்கும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு இது.

சிக்கல் சூத்திரத்தில் இல்லை, தெருவின் வீதத்தில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: 1,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2 ரூபாய் வீதம் என்று வைத்துக்கொள்வோம். மாத மதிப்பு 2,000 ரூபாய். ஆண்டு மதிப்பு 21,840 ரூபாய். சென்னையின் நல்ல பகுதியில் அத்தகைய வீட்டின் ஒரு மாத வாடகையே இன்று இதை எட்டிவிடும். வருமானம் எவ்வளவு என்பதும் வரிக் கணக்கு எதைப் பார்க்கிறது என்பதும் அவ்வளவு தூரம் விலகிப்போய்விட்டன.

இந்த விலகலுக்குச் சட்டத்திலும் வேர் உண்டு. நாடு முழுவதும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த காலத்தில், அச்சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகைக்கு மேல் ஆண்டு மதிப்பை நிர்ணயிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1979இல் தீர்ப்பளித்தது. அதிலிருந்து விடுபடத்தான் 1993இல் பாட்னா, தெருவின் வகை, கட்டடத்தின் வகை, பயன்பாடு என்று மூன்றை மட்டும் பார்க்கும் பரப்பளவு முறைக்கு மாறியது. 2000இல் பெங்களூருவும் 2004இல் டெல்லியும் உரிமையாளரே கணக்கிட்டுக் கட்டும் வழிக்கு வந்தன. மும்பை 2010 முதல் மூலதன மதிப்பை, அதாவது சொத்தின் விலையையே, அடிப்படையாகக் கொண்டது.

தமிழகம் 2022இல் இத்தகைய மறுமதிப்பீடு எதையும் செய்யவில்லை. பழைய வரியின் மேல் ஒரு சதவீதத்தை ஏற்றியதோடு நிறுத்திக்கொண்டது. இதுதான் என்னுடைய முதன்மையான குறை. தங்கள் சோழிங்கநல்லூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் அது சென்னை மாநகராட்சிக்கு வெளியே இருந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் இன்றைய கண்ணாடிக் கட்டடங்கள் அப்போது இல்லை. பழைய மதிப்பின் மீது, ஒரே அளவுள்ள வீடுகளுக்கெல்லாம் ஒரே சதவீதத்தை ஏற்றினால், அன்று குறைவாக மதிப்பிடப்பட்டவர் இன்றும் குறைவாகவே கட்டுவார். அன்று கூடுதலாக மதிப்பிடப்பட்டவர் அந்த வித்தியாசத்தையும் பெருக்கிக் கட்டுவார். கணக்குப் பிரிவில் நான் வேலை பார்த்த நகராட்சி ஒன்றில், ஒரே தெருவின் இரு சிறகுகளுக்கு, அதாவது இரு பக்க வீட்டு வரிசைகளுக்கு, இரு வேறு வீதங்கள் இருந்தன. காரணம், எப்போதோ வார்டு எல்லை அந்தத் தெருவின் நடுவே போயிருந்தது. எல்லை பிறகு மாறிவிட்டது, வீதம் மாறவில்லை. ஒவ்வொரு முறை சதவீதம் ஏறும்போதும் மேற்குச் சிறகுக்காரர்கள் மனு எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

திருநெல்வேலி வாசகர்: மத்திய அரசு கட்டாயப்படுத்தியதால்தான் வரியை உயர்த்தினோம் என்கிறது மாநில அரசு. இது உண்மையா?

பாதி உண்மை. மத்திய – மாநில நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் நிதி ஆணையங்களில் 2021–26 காலத்துக்கான 15ஆவது ஆணையம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் பெறுவதற்கு நிபந்தனைகள் விதித்தது: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை மாநில அரசு அறிவிக்க வேண்டும், அதன் பிறகு, மாநிலத்தின் மொத்த உற்பத்தி வளரும் வேகத்துக்கு ஏற்ப வசூலும் ஆண்டுதோறும் வளர வேண்டும், கணக்குகளைத் தணிக்கை செய்து இணையத்தில் வெளியிட வேண்டும். வரியை 50 சதவீதமா, 150 சதவீதமா உயர்த்துவது, யாருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் ஆணையம் சொல்லவில்லை. அது மாநில அரசின் முடிவு.

இதில் தங்கள் மாநகராட்சி மன்றத்துக்கு என்ன பங்கு என்று கேட்டிருந்தால் பதில் இன்னும் கசப்பாக இருந்திருக்கும். அரசியல் சாசனத்தின் 243எக்ஸ் பிரிவு, எந்த வரியை உள்ளாட்சிகள் விதிக்கலாம், எப்படி விதிக்கலாம் என்பதைச் சட்டமன்றத்தின் கையில் விட்டிருக்கிறது. தலைமைச் செயலகத்தில் முடிவாகி வந்த உயர்வை மாமன்றம் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புகிறது. வார்டு உறுப்பினர் தான் தீர்மானிக்காத வரிக்காக மக்களிடம் வசவு வாங்குகிறார். தீர்மானித்தவர்களோ வரி வசூல் நோட்டீசில் பெயரே இல்லாமல் இருக்கிறார்கள்.

தாம்பரம் வாசகர்: மாநில அரசும் மத்திய அரசும் நிதி தருகின்றன. பிறகு சொத்து வரி ஏறினாலும் ஏறாவிட்டாலும் மாநகராட்சிக்கு என்ன பெரிய வித்தியாசம்?

நிறைய வித்தியாசம் உண்டு. மாநகராட்சிக்குச் சொந்தமாக உள்ள வருவாய்கள் மிகச் சில. தொழில் வரியை எடுத்துக்கொண்டால், ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சாசனமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு 1988இல் வைக்கப்பட்டது, இன்றுவரை அசையவில்லை. மாதம் ஐந்து லட்சம் சம்பளம் வாங்குபவருக்கும் அதே 2,500தான். சொத்துப் பதிவின்போது முத்திரைத் தீர்வையோடு சேர்த்து வாங்கப்படும் 2 சதவீதக் கூடுதல் தீர்வை உள்ளாட்சிகளுக்கு உரியது. ஆனால் அது பதிவுத் துறை வழியாக வந்து சேர வேண்டியது; மனை வியாபாரம் படுத்தால் அதுவும் படுத்துவிடும். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று மாநில நிதி ஆணையத்தின் பகிர்வு ஒன்று இருக்கிறது. அது எப்போது, எவ்வளவு பிடித்தங்களுக்குப் பிறகு வரும் என்பது மாமன்றத்தின் கையில் இல்லை. மத்திய மானியத்திலோ பெரும்பகுதி, குடிநீர், கழிவுநீர், குப்பை என்று குறிப்பிட்ட பணிகளுக்குக் கட்டிவைக்கப்பட்டது.

தன் பெயரில் விதித்து, தானே வசூலித்து, தான் நினைத்த வேலைக்குச் செலவிடக் கூடிய ஒரே பெரிய பணம் சொத்து வரிதான். சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் மின்கட்டணத்தையும் தடையின்றிக் கொடுக்க முடிகிற மாநகராட்சிக்கும், ஒவ்வொரு மாதமும் மேலிடத்து விடுவிப்பு உத்தரவுக்காகக் காத்திருக்கும் மாநகராட்சிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. சென்னையின் சொத்து வரி வசூல் 2022–23இல் 1,500 கோடி ரூபாயைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டில் ஏறத்தாழ அதில் பாதியே கிடைத்திருந்தது. அந்தக் கூடுதலில் சீராய்வின் பங்கு பெரியது. பழைய நிலுவைகளை விடாமல் வசூலித்ததற்கும், விடுபட்ட கட்டடங்களைப் பதிவேட்டில் சேர்த்ததற்கும் பங்கு உண்டு.

இன்னொரு விளைவு வெளியே தெரியாது. மழைநீர் வடிகால் போன்ற பெருவேலைகளை எந்த நகரமும் அந்தந்த ஆண்டு வருவாயிலிருந்து செய்துவிட முடியாது; கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் நடக்கும் வடிகால் பணிக்கு ஆசிய வளர்ச்சி வங்கியும், கோவளம் படுகைப் பணிக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கியும் கடன் தருகின்றன. 2025 மே மாதத்தில் சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரங்களை வெளியிட்டுத் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. மதுரை மாநகராட்சி 2001லேயே உள்வட்டச் சாலைக் கடனுக்காகப் பத்திரம் வெளியிட்டது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். கடன் கொடுப்பவர் முதலில் புரட்டிப் பார்க்கும் ஏடு, நகரத்தின் நிலையான சொந்த வருவாய் எவ்வளவு என்பதே. மானியத்தை நம்பிக் கடன் தருபவர் அரிது.

நாடு முழுவதற்கும் இது பொருந்தும். ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்திய நகராட்சிகளின் மொத்த வருவாய் நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ 1 சதவீதம், பிரேசிலில் 7.4, தென்னாப்பிரிக்காவில் 6. பெங்களூருவும் ஜெய்ப்பூரும் வசூலிக்க வாய்ப்புள்ள சொத்து வரியில் 5 முதல் 20 சதவீதத்துக்கு மேல் வசூலிக்கவில்லை என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மதிப்பிட்டது 2016–17ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை. வானத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மாடிகள் வரிப் பதிவேட்டில் தெரிவதில்லை.

எழும்பூர் வாசகர்: ரயில்வே, அஞ்சல் துறை, வருமான வரி அலுவலகம் போன்றவை சொத்து வரி கட்டுவதில்லையாமே? வரி வாங்குகிற துறையே வரி கட்டாதா?

அரசியல் சாசனத்தின் 285ஆவது பிரிவு மத்திய அரசின் சொத்துகளுக்கு உள்ளாட்சி வரியிலிருந்து விலக்குத் தருகிறது. ஆனால் குப்பை அள்ளுதல், சாலை, விளக்கு ஆகியவற்றைப் பயன்படுத்துவதற்குச் சேவைக் கட்டணம் தர வேண்டும் என்பது 2009இல் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் உறுதியாயிற்று. எல்லாச் சேவைகளையும் பெற்றால் வரியின் 75 சதவீதம், சிலவற்றை மட்டும் பெற்றால் 50, எதையும் பெறாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு என்பது ஏற்பாடு. கட்ட வேண்டும் என்பதில் சண்டை ஓய்ந்தது, வசூலிப்பதில் ஓயவில்லை.

திருவல்லிக்கேணி வாசகர்: இந்த ஊரில் மக்கள் வீட்டு வரியை எப்போதாவது மனமுவந்து கொடுத்ததுண்டா?

சுவையான கேள்வி. சென்னை மாநகராட்சி பிறந்ததே அந்த எதிர்பார்ப்பில்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜோசையா சைல்டு, கம்பெனி தன் அதிகாரத்தால் விதித்தால் சிறு தொகையைக்கூட முணுமுணுத்துக் கொடுக்கும் மக்கள், தங்களுக்கென ஒரு மன்றம் இருந்து அது விதித்தால் பெருந்தொகையையும் தாராளமாகக் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டார். 1687 டிசம்பரில் சாசனம் எழுதப்பட்டு, 1688 செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி தொடங்கியது. வரி போட்டு நகர மண்டபமும் சிறையும் பள்ளியும் கட்டுவது திட்டம். வரி எதிர்பார்த்தபடி வசூலாகவில்லை. மன்றத்தின் பெயரில் கேட்டாலும் முடிவெடுப்பது கோட்டைதான் என்பதை அன்றைய மதராஸ்வாசிகள் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கோயம்புத்தூர் வாசகர்: நான் ஓய்வூதியத்தில் வாழ்பவன். இனி ஆண்டுதோறும் 6 சதவீதம் வரி ஏறும் என்கிறார்கள். என் ஓய்வூதியம் அப்படி ஏறவில்லையே?

2024 செப்டம்பரில் சென்னை மாமன்றமும் இத்தகைய 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றியது. கால் நூற்றாண்டு காத்திருந்து ஒரே நாளில் தலையில் போடுவதைவிட, ஆண்டுதோறும் சிறிது ஏற்றுவதே நகரத்துக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. வரவுசெலவுத் திட்டம் போடுபவர் அடுத்த ஆண்டின் வருவாயை ஊகிக்காமல் எழுத முடியும்.

ஆனால் 6 என்ற எண்ணைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் பன்னிரண்டு ஆண்டுகளில் வரி இரட்டிப்பாகும். தெரு வீதங்களைத் திருத்தாமல் இந்தப் பெருக்கத்தை ஓட விட்டால், நான் மேலே சொன்ன இரு சிறகு அநியாயமும் அதே வேகத்தில் இரட்டிப்பாகும்.

தங்கள் நிலை வேறொரு சிக்கல். அதை வரி விகிதத்தைக் குறைத்துத் தீர்க்க முடியாது. வீட்டின் மதிப்பு லட்சங்களில் இருக்கும், கையில் மாதப் பணம் ஆயிரங்களில் இருக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 55 வயதைக் கடந்தவர்கள் தங்கள் சொந்த வீட்டின் வரியைத் தள்ளிவைக்கலாம். அரசு அந்த வரியை நகரத்துக்குக் கட்டிவிட்டு, வீடு விற்கப்படும்போது வட்டியோடு வாங்கிக்கொள்கிறது. நகரத்தின் வருவாயும் குறையாது, முதியவரும் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. வில்லங்கச் சான்றில் ஒரு வரி பதிவுசெய்யும் வசதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இதை ஏன் இங்கே யோசிக்கக் கூடாது?

அண்ணாநகர் வாசகர்: என் மகள் கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே வீட்டு வரி ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறவே முடியாதாம். அப்படியொரு பூட்டை நாமும் போட்டுவிட்டால் என்ன?

அந்தப் பூட்டைப் போட்டவர்களின் கதையைத் தாங்கள் முழுவதும் கேட்க வேண்டும். 1970களில் கலிஃபோர்னியாவில் வீட்டு விலை தாவித் தாவி ஏறியது; மதிப்பீடு சந்தை விலையைப் பின்தொடர்ந்ததால் வரியும் ஏறியது. கோயம்புத்தூர் வாசகரைப் போன்ற முதியவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை இழந்துவிடுவோமோ என்று அஞ்சினார்கள். ஹோவர்ட் ஜார்விஸ் என்பவர் முன்னின்று நடத்திய இயக்கத்தின் விளைவாக, 1978 ஜூன் 6 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 65 சதவீத ஆதரவோடு 13ஆம் முன்மொழிவு வென்றது. அதன்படி வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பு 1975ஆம் ஆண்டு நிலைக்குப் பின்னோக்கிக் கொண்டுபோகப்பட்டது. ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது. வீடு கைமாறும்போது மட்டும் அன்றைய விலைக்கு மறுமதிப்பீடு.

முதல் ஆண்டிலேயே சொத்து வரி வருவாய் பாதிக்கும் மேல் சரிந்தது. மாநில அரசின் கருவூலத்தில் அப்போது உபரி இருந்ததால் உள்ளாட்சிகளும் பள்ளிகளும் உடனே மூழ்கவில்லை. ஆனால் பணத்தோடு அதிகாரமும் மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவுக்குப் போயிற்று. பள்ளிகளுக்கு எவ்வளவு என்பதை உள்ளூரார் தீர்மானித்த காலம் முடிந்தது. நகரங்கள் வேறு வழி தேடின. விற்பனை வரியில் உள்ளூருக்கு ஒரு பங்கு உண்டு என்பதால், குடியிருப்புகளைவிடப் பெருங்கடைகளையும் கார் விற்பனை நிலையங்களையும் வரவேற்பதில் போட்டி எழுந்தது. புதிதாக வீடு கட்டுபவர் மீது விதவிதமான கட்டணங்கள் ஏற்றப்பட்டன. அவை கடைசியில் வீட்டு விலையிலேயே போய் உட்கார்ந்தன.

அண்டை வீட்டாருக்கிடையே என்ன நடந்தது என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பெண்மணி 1988இல் 1,70,000 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். அவருக்கு ஆண்டு வரி சுமார் 1,700 டாலர். அதே பகுதியில் அதே மாதிரி வீட்டை 1975க்கு முன்பே வாங்கியிருந்தவர் கட்டிய வரி 360 டாலர்கூட இல்லை. அந்தப் பெண்மணி தொடுத்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992இல் தள்ளுபடி செய்தது. நியாயமோ இல்லையோ, அப்படி வரி விதிக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்றது. பெரிய வணிகச் சொத்துகளை மட்டுமாவது சந்தை மதிப்புக்குக் கொண்டுவரலாம் என்ற முன்மொழிவும் 2020இல் தோற்றுவிட்டது. தங்கள் மகள் அண்மையில் வீடு வாங்கியிருந்தால், எதிர்வீட்டுப் பெரியவர் எவ்வளவு கட்டுகிறார் என்று விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அவர்கள் சட்டம் போட்டுச் செய்ததை நாம் சட்டமே இல்லாமல், ஆணை பிறப்பிக்காமல் இருந்தே, 1998 முதல் 2022 வரை செய்துவிட்டோம். அங்கே 2 சதவீதமாவது ஏறியது. இங்கே அதுவும் இல்லை. மும்பையில் 2022 தொடக்கத்தில் 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்குச் சொத்து வரி விலக்கு அறிவிக்கப்பட்டது. சிறு வீட்டுக்காரருக்கு இது நல்ல செய்திதான். ஆனால் அந்த மாநகராட்சி 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது தன் பெரிய வருவாயான ஆக்ட்ராயை, அதாவது நகருக்குள் வரும் சரக்குகள் மீதான நுழைவு வரியை, இழந்து, மாநில அரசின் ஈட்டுத்தொகையை எதிர்பார்த்திருக்கும் நிலையில், எஞ்சியிருக்கும் சொந்த வரியின் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுத்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மதுரை வாசகர்: அரையாண்டின் தொடக்கத்திலேயே கட்டினால் தள்ளுபடி உண்டு என்கிறார்கள். அதனால் மாநகராட்சிக்கு நஷ்டம் இல்லையா?

ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும், அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் கட்டுபவருக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் தனி வட்டி. ஊக்கத்தொகையால் வருவாயில் சிறு பங்கு குறைவது உண்மை. ஆனால் அரையாண்டின் முதல் மாதத்திலேயே பணம் கையில் இருந்தால், ஒப்பந்தக்காரரின் பில்லை ஆறு மாதம் நிறுத்திவைக்க வேண்டியதில்லை. காத்திருக்க வேண்டிவரும் என்று தெரிந்த ஒப்பந்தக்காரர் அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் ஒப்பந்தப்புள்ளியில் விலை எழுதுவார். தங்கள் வரியின் மதிப்பீடே தவறு என்று கருதினாலும் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். கட்டிவிட்டு, கட்டடப் பரப்பு, தெரு வீதம், பயன்பாடு ஆகிய மூன்றில் எது தவறு என்று தெளிவாகக் குறித்துத் திருத்த மனுவைக் கொடுங்கள். பொதுவாக "வரி அதிகம்" என்று எழுதிய மனு கோப்பிலேயே கிடப்பதையும், "என் வீட்டின் பரப்பு 1,240 அல்ல, 1,140" என்று எழுதிய மனுவுக்கு அளவு நாடாவோடு ஆள் வருவதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.